கொங்கு நாட்டுக் காசுகளும் ஒளியும்: பளபளக்கும் நாணயங்களைப் படமெடுத்த வரலாறு

பளபளக்கும் உலோகக் காசைத் தெளிவாகப் படமெடுப்பது நாணயவியலின் பழைய சிக்கல்களுள் ஒன்று. காசின் மீதுள்ள உருவமும் எழுத்தும் மையால் தீட்டப்பட்டவை அல்ல. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத மேடுபள்ளங்களே அவை. மேடும் பள்ளமும் ஒரே உலோகம், ஒரே நிறம். ஆகவே அவற்றைக் கண்ணுக்குக் காட்டுவது ஒளியும் நிழலும் மட்டுமே. ஒளி விழும் திசை மாறினால் ஒரே காசு வேறுவிதமாகத் தோன்றும். சில வேளைகளில் எழுத்தே வேறாகப் படிக்கப்படும்.

கொங்கு நாட்டின் தொல்வரலாற்றுக்கு இது முக்கியமான செய்தி. இப்பகுதியின் பழங்காலத்தைப் பற்றி அறிந்தவற்றில் கணிசமான பங்கு காசுகளிலிருந்து கிடைத்தது. அந்தக் காசுகள் பலவற்றை ஆய்வாளர்களும் மாணவர்களும் நேரில் பார்ப்பதில்லை, படங்களில்தான் பார்க்கிறார்கள். படம் பிழையானால் பாடமும் பிழையாகும்.

கொடுமுடியும் காசுகளின் வழியும்

கொடுமுடி ஈரோடு மாவட்டத்தில் காவிரியின் மேற்குக் கரையில், ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையில் உள்ள ஊர். தேவாரத்தில் பாண்டிக்கொடுமுடி எனப்படும் இவ்வூரில் மகுடேசுவரர் கோயில் உள்ளது. தெற்கு நோக்கி வரும் காவிரி இவ்வூரை ஒட்டிக் கிழக்கே திரும்புகிறது. ஊருக்குச் சற்றுத் தெற்கே நொய்யல் ஆறு காவிரியில் கலக்கிறது.

நொய்யலை எதிர்த்து மேற்கே போனால் கொடுமணல் வரும். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழாய்வு தொடங்கிய இவ்வூர், கல்மணி செய்த தொழிற்கூடங்களுக்கும் இரும்பு உருக்கிய உலைகளுக்கும் பெயர் பெற்றது. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பச்சைக்கல் ரோமானியர் விரும்பி வாங்கிய பொருள். காவிரியோடு கீழே இறங்கினால் புகலூர் வரும். அங்குள்ள ஆறுநாட்டார் மலையில் சேரல் இரும்பொறை மரபினரைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. அதைத் தாண்டினால் அமராவதிக் கரையில் கரூர். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகப் பாதை இந்த ஆற்றுவெளியில்தான் சென்றது.

இப்பாதை நெடுகிலும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தன. 1800இல் கொங்கு நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் ஒரு பானையில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பற்றி எழுதியுள்ளார். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூரில் 1878இலும் தாராபுரம் வட்டாரத்துக் கத்தாங்கண்ணியில் 1913இலும் புதையல்கள் வெளிப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு பேரரசர்கள் காலத்துத் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள். ஒரு தினாரியஸ் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 4 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உடையது. வெள்ளியின் தூய்மை மிக அதிகம். ஆகவே ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு வந்தவற்றில் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் சேர்ந்தது. எஞ்சியவை பிற அருங்காட்சியகங்களுக்கும் தனியாரிடமும் சென்றன. தட்டாரிடம் போய் உருகிய காசுகளும் உண்டு. சிதறிப்போன காசுகளுக்கு மிஞ்சுவது அவற்றின் பதிவு மட்டுமே.

படத்துக்கு முன்: கோட்டோவியமும் வார்ப்பும்

தொடக்கத்தில் காசுகளை ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். வரைபவருக்கு ஒரு வசதி உண்டு. காசைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு கோணத்தில் தெரிந்ததையும் ஒரே படத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் தேய்ந்த எழுத்தைத் தாம் எதிர்பார்த்தபடி நிரப்பிவிடும் ஆபத்தும் அதிலேயே இருந்தது. தமிழ்ப் பிராமி அறியாத ஒருவர் வரைந்த கோடுகளை வைத்துப் பிறகு யாரும் எழுத்தைப் படிக்க முடியாது.

சென்னை மாகாணத்தில் நிழற்படக் கலை 1850களில் வேரூன்றியது. சென்னை நிழற்படச் சங்கம் 1856இல் தோன்றியது. மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப், 1858இல் அமராவதிச் சிற்பங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். கல்வெட்டுக்கு வெயில் போதுமானதாக இருந்தது. கல் ஒளியைச் சிதறடிக்கும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். காசு அவ்வளவு எளிதில் வசப்படவில்லை.

சர் வால்டர் எலியட் 1886இல் வெளியிட்ட தென்னிந்தியக் காசுகள் பற்றிய நூல் இத்துறையின் தொடக்க நூல்களுள் முதன்மையானது. பார்வை மங்கிய முதுமையில் அதை அவர் முடித்தார். மறு ஆண்டே காலமானார். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகளுக்கு 1880களில் பட்டியல் வெளியிட்டார். பின்னர் டி. ஜி. அரவமுதன் விரிவான பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்.

அக்காலத்தில் உலகெங்கும் நாணயவியல் நூல்களில் பரவலாகக் கையாளப்பட்ட வழி, காசை நேரடியாகப் படமெடுக்காமல் அதன் வார்ப்பைப் படமெடுப்பது. காசை மென்மையான அச்சுப்பொருளில் அழுத்தி, அந்த அச்சில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி வெள்ளை வார்ப்பு எடுப்பார்கள். வார்ப்பில் பளபளப்பு இல்லை, களிம்பின் நிறமும் இல்லை. மேடுபள்ளம் மட்டும் இருக்கும். பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்தால் எழுத்து முழுவதும் தெளிவாக எழும். நூறு காசுகளின் வார்ப்புகளை ஒரே பலகையில் அடுக்கி, ஒரே ஒளியில் ஒரே படமாக எடுக்கவும் முடிந்தது. பழைய பட்டியல்களின் படப்பக்கங்களில் எல்லாக் காசுகளும் ஒரே வெண்சாம்பல் நிறத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வார்ப்பு மூன்று செய்திகளை இழந்துவிடும். உலோகத்தின் நிறம், களிம்பின் தன்மை, மேற்பரப்பின் பளபளப்பு ஆகியவை அதில் தெரியாது. ஒரு காசு அச்சடிக்கப்பட்டதா, பிற்காலத்தில் வார்த்தெடுத்த போலியா என்று முடிவு செய்ய இவை மூன்றும் வேண்டும். எனவே காசையே நேரடியாகப் படமெடுக்கும் முறைகள் வளர்ந்தன.

உலோகம் ஏன் அடங்குவதில்லை

காகிதமோ கல்லோ தன்மேல் விழும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மெருகேறிய உலோகம் கண்ணாடியைப்போல, ஒளி எந்தக் கோணத்தில் விழுந்ததோ அதே கோணத்தில் மறுபுறம் திருப்பி அனுப்பும். ஆகவே ஒரு வெள்ளிக் காசைப் படமெடுக்கும்போது கருவி பதிவு செய்வது, அந்தக் காசில் பிரதிபலிக்கும் அறையைத்தான். விளக்கு பிரதிபலிக்கும் இடம் வெள்ளையாக வெளுத்துப்போகும். இருண்ட சுவர் பிரதிபலிக்கும் இடம் கருத்துப்போகும்.

நேர் வெயிலும் இதே தொல்லையைத் தரும். சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமே உள்ள சிறு வட்டம். அந்த வட்டம் காசின் மேட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். மற்ற இடம் இருண்டுவிடும். அதே காசைத் திண்ணை நிழலில் வைத்தால் வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறி மென்மையான ஒளி தரும். விளக்கின் ஆற்றலைவிட அதன் அகலமும் இடமும்தான் காசுப் படத்தை முடிவு செய்கின்றன.

இச்சிக்கலுக்கு மூன்று அடிப்படைத் தீர்வுகள் உருவாயின. அவற்றைச் சாய்வொளி, பரவலொளி, அச்சொளி எனலாம்.

சாய்வொளியும் தமிழ்ப் பிராமி எழுத்தும்

காசின் பக்கவாட்டில், தாழ்ந்த கோணத்தில் விளக்கை வைப்பது சாய்வொளி. மேட்டின் ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் நிழல் விழும். தேய்ந்த செப்புக் காசுகளுக்கும் கருத்துப்போன வெள்ளிக்கும் இதுவே ஏற்றது. விளக்கைத் தாழ்த்தத் தாழ்த்த நிழல் நீளும். மிகத் தேய்ந்த காசுக்கு 15 முதல் 20 பாகை, நடுத்தரமான காசுக்கு 30 முதல் 45 பாகை பொருந்தும்.

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சங்க காலச் சேரர் காசுகள் இம்முறையின் தேவையை நன்கு உணர்த்துகின்றன. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) இக்காசுகளைத் திரட்டி ஆராய்ந்தார். 1980களில் பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை அவர் அடையாளம் கண்டார். அதன்பின் கரூர்ப் பகுதியிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகளும், கொல்லிப்புறை, கொல்லிரும்புறை என்று படிக்கப்பட்ட செப்புக் காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. புறை என்பது பொறை என்பதன் வடிவமாகக் கொள்ளப்படுகிறது. சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1997இல் வெளியானது. இலக்கியத்திலும் புகலூர்க் கல்வெட்டிலும் அறியப்பட்ட சேரர் மரபுக்குக் காசுச் சான்றும் கிடைத்தது.

மாக்கோதை காசில் மன்னனின் தலை பக்கத்தோற்றத்தில் உள்ளது. அதைச் சூழ்ந்து தமிழ்ப் பிராமியில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ரோமானியத் தினாரியஸின் தலையுருவைப் பார்த்தே இவ்வமைப்பு தோன்றியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இத்தகைய காசில் ஒளியின் திசை எழுத்தையே மாற்றிவிடும். தமிழ்ப் பிராமியில் ககரம் கூட்டல் குறி போன்றது. ரகரம் ஒரே நெடுங்கோடு. ஒளி எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கோடு நிழல் தராமல் மங்கும்; குறுக்கே ஓடும் கோடு நன்றாகத் தெரியும். விளக்கு வலப்பக்கத்திலிருந்தோ இடப்பக்கத்திலிருந்தோ மட்டும் எரிந்தால் கூட்டல் குறியின் கிடைக்கோடு மங்கி, ககரம் ரகரம்போல் தோன்றக்கூடும். மகரத்தோடு சேரும் சிறு கோடு மறைந்தால் மா என்பது ம ஆகிவிடும். உயிர்மெய் எழுத்துகளின் வேறுபாடு முழுவதும் இத்தகைய சிறு கோடுகளில்தான் உள்ளது. அதோடு காசின் எழுத்து வளைந்து ஓடுவதால், ஓர் எழுத்துக்குச் சரியான திசை அடுத்த எழுத்துக்குப் பொருந்தாது.

ஆகவே எழுத்துள்ள காசை ஒரே படத்தில் முடிக்கக் கூடாது என்பது நடைமுறையானது. விளக்கை நான்கு திசைகளிலும் மாற்றி வைத்துக் குறைந்தது நான்கு படங்கள் எடுத்து ஒப்பிட வேண்டும். கல்வெட்டறிஞர்கள் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயிலில் எழுத்தைப் பார்ப்பதும், இரவில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பதும் இதே காரணத்தால்தான்.

மேடும் பள்ளமும் இடம் மாறும் மயக்கம்

ஒளி மேலிருந்து வருகிறது என்று நம் கண் இயல்பாகவே எடுத்துக்கொள்ளும். வானம் தலைக்கு மேல் இருப்பதால் வந்த பழக்கம் இது. காசின் கீழ்ப்புறத்தில் விளக்கை வைத்துப் படமெடுத்தால், புடைத்த உருவம் குழிந்ததுபோலவும் குழிந்த வெட்டு புடைத்ததுபோலவும் தெரியும். எனவே முதன்மை விளக்கைக் காசின் மேல் இடப்புறத்தில், கடிகாரத்தில் பத்து அல்லது பதினொன்று மணி இருக்கும் இடத்தில் வைப்பது வழக்கமாயிற்று.

தமிழகத்தில் கிடைத்த ரோமானியக் காசுகளுக்கு இவ்விதி மிகவும் தேவை. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தடம் உள்ளது. அவை மீண்டும் காசாகச் செல்லாதபடி வெட்டப்பட்டன என்பது ஒரு கருத்து. சில ரோமானியக் காசுகளில் சிறு முத்திரைக் குத்துகளும் காணப்படுகின்றன. ஒரு கோடு அச்சிலேயே இருந்த புடைப்பா, பிறகு விழுந்த வெட்டா என்பதைப் படத்தில் வேறுபடுத்த முடியாவிட்டால் அதைப் பற்றிய விளக்கம் முழுவதும் தடம் மாறிவிடும்.

பரவலொளி

பளபளப்பு அதிகமான காசுக்குச் சாய்வொளி மட்டும் போதாது. சிறு விளக்கின் பிரதிபலிப்பு புள்ளி புள்ளியாக நிற்கும். அப்போது காசைச் சுற்றி வெள்ளைச் சுவர் எழுப்பி, அச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து ஒளி தருவார்கள். காசில் பிரதிபலிப்பது விளக்காக இல்லாமல் வெள்ளைச் சுவராக இருக்கும். வெண்துணிக் கூடாரம், பால்நிற பிளாஸ்டிக் கிண்ணம், பட்டர் காகிதச் சுருள் ஆகியவை இதற்குப் பயன்படும். வெளுத்த பருத்தி வேட்டியை ஜன்னலில் கட்டினாலும் ஒளி பரவும்.

பரவலொளியில் காசின் நிறமும் களிம்பும் உண்மையாகத் தெரியும். ஆனால் எல்லாப் பக்கமும் சமமாக ஒளி வந்தால் நிழல் போய்விடும், எழுத்து தட்டையாகிவிடும். இதைச் சரிசெய்ய வெள்ளைச் சுவரின் ஒரு பக்கத்தில் கறுப்புக் காகிதத் துண்டு ஒன்றை வைப்பார்கள். அந்தக் கறுப்பு எழுத்தின் ஓரங்களில் மெல்லிய கோடாகப் பிரதிபலித்து வடிவத்தை மீட்டுத் தரும். வெள்ளிப் பாத்திரங்களையும் நகைகளையும் விளம்பரத்துக்காகப் படமெடுப்பவர்களும் இதையே செய்கிறார்கள்.

அச்சொளி

மூன்றாவது முறையில் ஒளி, கருவியின் பார்வைக்கோட்டிலேயே நேராகக் காசின்மேல் விழுகிறது. விளக்கைக் கருவிக்கு முன்னால் வைத்தால் அது காட்சியை மறைத்துவிடும். எனவே காசுக்கும் கருவிக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை 45 பாகை சாய்த்து நிறுத்துவார்கள். பக்கத்தில் உள்ள விளக்கின் ஒளியில் ஒரு சிறு பங்கு அத்தகட்டில் பட்டுக் கீழே திரும்பும். காசின் தட்டையான தளம் அதை நேர் மேலே அனுப்ப, அது தகட்டை ஊடுருவிக் கருவிக்குள் நுழையும். சரிந்த எழுத்தோரங்கள் ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். அதனால் தளம் வெளிச்சமாகவும் எழுத்தின் விளிம்பு கறுப்புக் கோடாகவும் பதியும்.

சாய்ந்த கண்ணாடியைக் கொண்டு பார்வைக்கோட்டிலேயே ஒளியை அனுப்பும் உத்தி மருத்துவத்திலும் உலோக ஆய்விலும் முன்னரே இருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் விழியின் உட்புறத்தைப் பார்க்க அமைத்த கருவி இதே அடிப்படையில் இயங்கியது. இங்கிலாந்தின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 1860களில் மெருகேற்றிய எஃகை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, சிறு ஆடியைக் கொண்டு ஒளியை மேலிருந்து இறக்கினார்.

கண்ணாடி போன்ற தளமுள்ள புதிய நாணயங்களுக்கு அச்சொளி மிகப் பொருத்தம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி இந்திய அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நாணயம் போன்ற நினைவு நாணயங்களைச் சேகரிப்போர் பலர். அவற்றின் சிறப்புப் பதிப்பில் தளம் ஆடிபோல மின்னும். உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல மங்கலாக இருக்கும். சாய்வொளியில் இத்தளம் கருத்து, உருவம் வெளுத்துத் தெரியும். அச்சொளியில் தளம் வெளிச்சமாகும். இரண்டும் உண்மையான தோற்றங்களே. எதைக் காட்டுகிறோம் என்பதைக் குறிப்பில் சொல்வது நல்லது.

அச்சொளி அமைப்பில் ஒரு சிறு கவனம் வேண்டும். தகட்டை ஊடுருவி நேரே போகும் ஒளியை உறிஞ்ச, விளக்குக்கு எதிர்ப்புறம் கறுப்புத் துணி வைக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்ச் சுவரின் பிம்பம் தகட்டில் பட்டுப் படத்தை மங்கச் செய்யும்.

துலக்கிய காசும் துலக்காத காசும்

ஒளி முறைகளை அறியாததால் காசுகளுக்கு நேரும் பெரிய கேடு, அவற்றைத் துலக்குவது. எழுத்து தெரியவில்லை என்றதும் புளி, எலுமிச்சை, அமிலம், சாம்பல் என்று கையில் கிடைத்ததைக்கொண்டு தேய்ப்பவர்கள் உண்டு. வீட்டுச் செம்புப் பாத்திரம் புளியில் பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் ஆற்று மணலில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்த காசு பாத்திரம் அன்று.

மண்ணில் கிடக்கும் செம்பு மெல்ல மெல்லக் களிம்பாக மாறுகிறது. பல காசுகளில் எழுத்தின் வடிவம் எஞ்சியிருப்பதே அந்தக் களிம்புப் படலத்தில்தான். புளியில் உள்ள அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து கரைகிறது. உள்ளே வெளிப்படும் உலோகம் மின்னும். அதில் படிக்க ஒன்றும் இருக்காது. வெள்ளியின் மேல் படியும் கருமையைத் தேய்த்தெடுக்கும்போது நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. சாய்வொளியில் அந்தக் கீறல்கள் எழுத்தைவிட முன்னே நிற்கும்.

துலக்காத காசின் மங்கிய எழுத்தைப் பெரும்பாலும் தாழ்ந்த சாய்வொளியிலேயே படித்துவிடலாம். கறுத்த காசு பளபளக்காது என்பதால் அதைப் படமெடுப்பதும் எளிது. தடித்த மண்பூச்சு இருந்தால் மட்டும் அதை நீக்க வேண்டியிருக்கும். அதை அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர் செய்ய வேண்டும். காசை மாற்றுவதற்கு முன் ஒளியை மாற்றிப் பார்ப்பது என்பதே கொங்குக் காசுகளின் வரலாறு தரும் முதன்மையான பாடம்.

கணினிக் கால முறைகள்

ஒரே படத்தில் ஒரே ஒளித்திசை என்ற கட்டு 2001இல் தளர்ந்தது. ஹியூலட் பேக்கர்டு ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும், கருவியையும் பொருளையும் அசைக்காமல் விளக்கை மட்டும் பல இடங்களில் மாற்றி எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றாக்கும் முறையை அறிவித்தார்கள். பார்ப்பவர் திரையில் சுட்டியை நகர்த்தினால் ஒளியின் திசை நகரும். காசைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பது போன்ற அனுபவம் இது. கிரேக்க நாட்டுக் கடலடியில் கிடைத்த அன்டிகிதெரா பொறியின் எழுத்துகளைப் படிக்க 2005இல் இம்முறை பயன்பட்டது.

பழைய ஓவியர் கையால் செய்ததைத்தான் இம்முறையும் செய்கிறது: பல கோணங்களில் தெரிந்ததை ஓரிடத்தில் சேர்க்கிறது. ஓவியர் ஊகித்து நிரப்பிய இடங்கள் மட்டும் இதில் இல்லை. எல்லா எழுத்துக் கோடுகளும் ஏதேனும் ஒரு திசையில் நிழல் தரும் என்பதால், ககரம் ரகரமாகும் மயக்கத்துக்கு இடம் குறைகிறது.

எளிய அமைப்பு ஒன்று

மாணவர் ஒருவர் கைபேசியைக்கொண்டே பயனுள்ள காசுப் படம் எடுக்கலாம். கைபேசியைத் தாங்கியில் பொருத்தி நேர் கீழே பார்க்கும்படி வைக்க வேண்டும். மேசைமேல் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் லென்சின் பிம்பம் திரையின் நடுவில் வருமாறு சரிசெய்தால் கருவி மேசைக்கு இணையாக நிற்கும். அதன்பின் கண்ணாடியை எடுத்துவிட்டுக் காசை வைக்கலாம். கைபேசியைக் காசுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அதன் நிழலே ஒளியை மறைக்கும். சற்று விலக்கி வைத்து, லென்சின் பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்துவது மேல்.

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே வெள்ளை எல்இடி விளக்கை மேல் இடப்புறத்தில் வைக்க வேண்டும். காசு பளபளத்தால் விளக்குக்கு முன் பட்டர் காகிதம் பிடிக்கலாம். கருத்த காசானால் காகிதத்தை எடுத்துவிட்டு விளக்கைத் தாழ்த்தலாம். எழுத்துள்ள காசுக்கு விளக்கை நான்கு பக்கமும் சுற்றி நான்கு படங்கள் எடுக்க வேண்டும். நீர், கண்ணாடி ஆகியவற்றின் மினுக்கத்தைக் குறைக்கும் முனைவாக்க வடிகட்டியை லென்சில் மட்டும் மாட்டினால் உலோகத்தின் மினுக்கம் பெரிதாகக் குறையாது.

படத்தோடு மில்லிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். இரு பக்கங்களும் ஒரே அளவில் அமைய வேண்டும். எடை, குறுக்களவு, கிடைத்த இடம், விளக்கு இருந்த திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தால் அந்தப் படம் ஆவணமாகிறது. படத்தைக் கணினியில் கூர்மையாக்கித் திருத்தினால் மூலப் படத்தை அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் இன்றி அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. நிலத்தில் புதையல் கிடைத்தால், இருந்த நிலையிலேயே படமெடுத்துவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது முறை.

வரலாற்றில் இதன் இடம்

வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்த காசுகளில் எத்தனையோ இன்று ஓரிடத்தில் இல்லை. எஞ்சியவற்றை ஒப்பிட ஆய்வாளர்களுக்கு உதவுவன பட்டியல்களும் படங்களும்தான். பவுலா டர்னர் 1989இல் இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைத் தொகுத்து எழுதியபோதும் முந்தைய பதிவுகளே அவருக்கு அடித்தளமாக இருந்தன. பதிவு செம்மையாக இருந்த புதையல் இன்றும் வரலாறு பேசுகிறது. பதிவில்லாத புதையலில் எஞ்சியது எண்ணிக்கை மட்டுமே.

கொடுமுடிக்குக் கீழே நொய்யலும் கரூருக்கு அப்பால் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன. அந்த ஆற்று மணலில் இன்னும் காசுகள் கிடைக்கக்கூடும். அடுத்துக் கிடைக்கும் காசில் அறியாத ஒரு சேரர் பெயர் இருந்தால், அது புளியில் கரைவதற்கு முன் ஒரு விளக்கின் சாய்ந்த ஒளியில் பதிவாக வேண்டும்.